ஏலச்சீட்டா, தொடர் வைப்பா?

மாதம் 5,000 ரூபாய் மிச்சம் பிடிப்பவருக்கு எங்கள் தெருவில் இந்த இரண்டு வழிகள்தான்.

மாதாமாதம் ஒரே தொகை கட்டும் வங்கியின் தொடர் வைப்பு சாது. வட்டி எவ்வளவு என்று முதல் நாளே தெரியும். வங்கி மூழ்கினாலும் 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. சொல்ல வேறு கதை இல்லை.

ஏலச்சீட்டில் கதைதான் எல்லாம். 20 பேர் மாதம் ஆளுக்கு 5,000 போட, சேரும் ஒரு லட்சத்தை மாதம் ஒருவர் ஏலத்தில் எடுக்கும் சீட்டு. மகள் கல்யாணம் நெருங்கியவர் 25,000 தள்ளி, 75,000 மட்டும் எடுப்பார். தள்ளியதில் நடத்துபவரின் கமிஷன் 5,000 போக மீதி எல்லோருக்கும் பிரிந்து, அந்த மாதம் ஆளுக்கு 4,000 கட்டினால் போதும். ஒருவரின் அவசரம் மற்றவர்களின் லாபம். கடைசிவரை எடுக்காமல் காத்திருப்பவன் நான். ஏலம் ஏறும்போது உள்ளூர மகிழ்ந்திருக்கிறேன், வெட்கம்தான்.

ஆனால் வைப்பை நடுவில் உடைத்தால் கேட்க ஆளில்லை. சீட்டுத் தவணை தவறினால் தெருவே பார்க்கும். என்னைச் சேமிக்க வைத்தது வட்டியல்ல, அந்த மானப் பயம்.

1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவான சீட்டென்றால் சேர்வேன். பதிவில்லாத திண்ணைச் சீட்டுக்கு அழைத்தால் வங்கிக்கே நடப்பேன். நடத்துபவர் ஓடிவிட்டால் போனது போனதுதான்.