தீபாவளி ஆர்டரும் ஆட்டோமேஷன் பில்லும்: காரைக்குடியிலிருந்து ஓர் அனுபவம்

காரைக்குடியில் தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம் செய்து வெளியூர்களுக்கு அனுப்புகிறோம். ஆச்சிமார் கைப்பக்குவத்தில் ஆட்டோமேஷனுக்கு வேலை இல்லை. அடுப்படிக்கு வெளியேதான் திண்டாட்டம்: ஆர்டர் வந்ததும் கணக்கு ஷீட்டில் ஏற வேண்டும், பேக்கிங் பட்டியலில் சேர வேண்டும், வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப் போக வேண்டும். புரோகிராம் கோடு எழுதத் தெரிந்தவர் எங்களில் யாரும் இல்லை. அதனால் கோடு எழுதாமலே ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்குத் தகவலைத் தானாகக் கடத்தும் கருவிகளான ஸேப்பியர் (Zapier), மேக் (Make), என்-எய்ட்-என் (n8n) மூன்றையும் தீபாவளி சீசன் தாண்டும்வரை புழங்கிப் பார்த்தோம்.

பழகுவதற்கு ஸேப்பியர்தான் எளிது. கணக்குப் பார்க்கும் அண்ணனே உட்கார்ந்து போட்டுவிட்டார். ஆனால் எதை வாங்குவது என்று முடிவு செய்ய வைத்தது வசதிகள் அல்ல, ஒவ்வொன்றும் எதை எண்ணிக் காசு கேட்கிறது என்பதுதான். மேலே சொன்ன மூன்று வேலைகளுக்கு ஸேப்பியரில் ஓர் ஆர்டருக்கு மூன்று டாஸ்க். மேக்கில் ஆர்டர் வந்ததைக் கவனிக்கும் தொடக்கப் படியும் சேர்ந்து நான்கு. என்-எய்ட்-என் கிளவுடில் (அவர்கள் சர்வரிலேயே ஓடும் சந்தா வகை) எத்தனை படி இருந்தாலும் ஓர் ஓட்டம்தான் கணக்கு.

மேக்கில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். புது ஆர்டர் இருக்கிறதா என்று 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொன்னால், ஒன்றுமே இல்லாவிட்டாலும் அந்தப் பார்வைக்கும் கணக்கு உண்டு. ஒரு நாளைக்கு 96, முப்பது நாளுக்கு 2,880. ஆடி மாதத்தில் ஆர்டரே இல்லாமல் பில் ஏறுவது இப்படித்தான். வெப்ஹூக் (ஆர்டர் வந்ததும் அந்தத் தளமே மேக்குக்குத் தகவல் சொல்லும் வழி) வைத்தால் ஆர்டர் வரும்போது மட்டும் ஓடும். நாங்கள் அப்படி மாற்றிக்கொண்டு மேக்கிலேயே தங்கிவிட்டோம். ஒரே ஆர்டரில் உள்ள பல பலகாரங்களைத் தனித்தனி வரியாகப் பிரிப்பதும் அதில் எங்களுக்குச் சுலபமாக இருந்தது.

என்-எய்ட்-என்னைச் சொந்த சர்வரில் போட்டால் சந்தா இல்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் சர்வர் வாடகை, அப்டேட், பேக்கப் எல்லாம் யார் தலையில்? அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தால் தாராளமாகப் போடலாம்.

எரர் வந்து நின்றால்கூடப் பரவாயில்லை, மின்னஞ்சல் வந்துவிடும். எங்களைப் படுத்தியது வேறு. கூரியர்காரர்கள் அனுப்பும் ஷீட்டில் ஒரு பத்தியின் (column) தலைப்பை மாற்றிவிட்டார்கள். எரர் எதுவும் காட்டாமல் எல்லாம் பச்சையாக ஓடியது, டிராக்கிங் எண் மட்டும் காலியாகப் போனது. இப்போது அந்தக் கட்டம் காலியென்றால் மெசேஜை நிறுத்தும் ஃபில்டர் வைத்திருக்கிறோம்.

அப்புறம் வாட்ஸ்அப்: வாடிக்கையாளர் கடைசியாகப் பேசி 24 மணி நேரம் தாண்டினால், வாட்ஸ்அப்பை நடத்தும் மெட்டா ஒப்புதல் தந்த டெம்ப்ளேட்டில்தான் (முன்கூட்டியே எழுதி வைத்த செய்தி வடிவம்) அனுப்ப முடியும். அந்தக் கட்டணம் தனி, எந்தக் கருவியின் சந்தாவிலும் அடங்காது. டெம்ப்ளேட்டுக்கு ஆவணியிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.