கூழுக்குப் பனங்கட்டியா, அம்மாவின் அழைப்பா: மின்னஞ்சல் தலைப்பு வரிகள் ஓர் ஒப்பீடு

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு அண்மையில் பனம்பொருட்களும் கறித்தூளும் விற்கும் சிறிய கடையொன்றுக்கு, வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கான மின்னஞ்சல்களைச் சில ஆண்டுகளாக நான் எழுதிக் கொடுத்து வருகிறேன். ஆடிப்பிறப்புக்கு முந்திய வாரங்களில்தான் அங்கே வேலை கூடும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் கூழ் காய்ச்சவும் கொழுக்கட்டை அவிக்கவும் ஊர்ப் பனங்கட்டியைத் தேடுகின்ற அந்தப் பருவத்தில், பட்டியலில் உள்ளவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரே மின்னஞ்சலை இரு வேறு தலைப்பு வரிகளுடன் அனுப்பிப் பார்த்தோம். முதலாவது, "அம்மாவின் குசினியிலிருந்து ஓர் அழைப்பு…". இரண்டாவது, "கூழுக்குப் பனங்கட்டி: யூன் 20க்கு முன் சொல்லுங்கள்".

முதலாவதை எழுதியவன் நானே. ஆர்வத்தைக் கிளறி, விடையை உள்ளே ஒளித்து வைக்கும் வகையைச் சேர்ந்த வரி அது. இரண்டாவது கடைக்காரர் சொல்லச் சொல்ல நான் மனமில்லாமல் தட்டச்சுச் செய்தது. அதில் பண்டம் இருக்கிறது, நாள் இருக்கிறது, வேறொன்றும் இல்லை. கணக்கைப் பார்த்தபோது முதலாவதைத் திறந்தவர்கள் அதிகம். பனங்கட்டி கேட்டு எழுதியவர்களோ இரண்டாவதைப் பெற்றவர்களிடையேதான் அதிகம். நான் திறந்தவர்களின் தொகையைக் காட்டிப் பெருமைப்பட்டபோது கடைக்காரர் கேட்டார்: "தம்பி, திறந்து பார்த்த ஆக்கள் இருக்கட்டும், காசு அனுப்பின ஆக்கள் எத்தினை பேர்?"

சிறிய பட்டியலொன்றில் ஒருமுறை கண்ட முடிவை விதியாக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று வந்த ஒரு பதில் மட்டும் மனதில் நின்றுவிட்டது. ஊரிலிருந்து "அம்மா" என்று தொடங்கும் செய்தி வேலை நேரத்தில் தொலைபேசியில் விழுந்ததும் நெஞ்சு திக்கென்றது என்றும், இனி இப்படி எழுத வேண்டாம் என்றும் ஒரு வாடிக்கையாளர் எழுதியிருந்தார். தாய் தந்தையை ஊரில் விட்டுப் போனவர் அந்த மின்னஞ்சலை ஏன் திறந்தார் என்பதற்கு, என் எழுத்துத் திறமையைத் தவிர வேறு காரணங்களும் இருந்திருக்கின்றன.

திறந்தவர் கணக்கை நம்ப முடியாமைக்குத் தொழில்நுட்பக் காரணமும் ஒன்று உண்டு. மின்னஞ்சலுக்குள் கண்ணுக்குத் தெரியாத சிறு படமொன்றை வைத்து, அது தரவிறங்கும்போது "திறக்கப்பட்டது" என்று பதிவு செய்வதே வழக்கமான முறை. 2021 செப்டெம்பரில் ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 15 உடன் அப்பிள் நிறுவனம் கொண்டுவந்த அஞ்சல் தனியுரிமைப் பாதுகாப்பு, அதை ஏற்றுக்கொண்டவர்களுக்கு, அவர்கள் திறந்தாலும் திறக்காவிட்டாலும் அந்தப் படத்தை முன்கூட்டியே தரவிறக்கி விடுகிறது. ஐபோன் வைத்திருப்போர் நிறைந்த ஒரு பட்டியலில் தலைப்பு வரியை ஒப்பிட விரும்புபவர் சொடுக்குகளை, பதில்களை, கொள்வனவுக் கட்டளைகளை எண்ணுவதே நல்லது.

ஆர்வம் கிளறும் வரி ஒருபோதும் வெல்லாது என்று சொல்ல வரவில்லை. 2012ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒபாமா அணியினர் ஒரே மின்னஞ்சலுக்குப் பதினெட்டு வடிவங்கள் வரை சோதித்தார்கள். வெறுமனே "ஹேய்" என்ற ஒற்றைச் சொல் தலைப்பும் அவர்களுக்கு நன்கொடை சேர்த்துத் தந்தது. எனினும், 26 இலட்சம் டொலருக்கு மேல் திரட்டிய அவர்களது பேர்போன தலைப்பு, எதிரணி ஒபாமாவைவிட அதிகம் செலவழிக்கப் போகிறது என்பதை ஒளிவுமறைவின்றிச் சொன்ன ஒரு வாக்கியம். அவர்கள் எடைபோட்டதும் வந்து சேர்ந்த பணத்தை வைத்துத்தான். புதுமையாகத் தெரிந்த வரிகள் சில காலத்தில் பழகிப் போய் வலுவிழந்தன என்பதையும் அந்த அணியினரே பின்னர் கூறினர். இலட்சக்கணக்கான முகவரிகள் உள்ளவர் பழகிப்போன வரியைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததைத் தேடலாம். ஒவ்வொரு ஆடிக்கும் அதே குடும்பங்களிடம் போகும் கடைக்கு அந்த வசதி கிடையாது.

அடுத்த போட்டி எழுத்துகளுக்கு இடையிலானது. தமிழ் எழுத்தில் எழுதுவதா, தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவதா, ஆங்கிலமே போதுமா? மின்னஞ்சலின் தலைப்புப் பகுதி முதலில் ஆங்கில எழுத்துகளுக்கென்றே அமைக்கப்பட்டது. தமிழ் அதற்குள் குறிமாற்றம் பெற்றே பயணிக்கிறது. "பனங்கட்டி" கண்ணுக்கு ஆறெழுத்து. கணினிக்கு அது புள்ளிகளும் 'டி'யின் விசிறியும் சேர்த்து 9 குறிகள், எழுத்துகளைக் கணினியில் பதியும் யூடிஎப்-8 முறையில் 27 பைற்றுகள். குறிமாற்றத்தின்போது நீண்ட தலைப்பு துண்டுகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு துண்டும் 75 எழுத்துகளைத் தாண்டக் கூடாதென்பது நியமம் என்பதால், பைற்றுகளை ஆங்கில எழுத்துகளாக மாற்றும் வழக்கமான பேஸ்64 முறையில் ஒரு துண்டுக்குள் 15 தமிழ்க் குறிகளே அடங்கும். ஒழுங்கான மென்பொருள் அத்துண்டுகளைத் தையல் தெரியாமல் ஒட்டிவிடும். தரமற்ற மென்பொருள் ஒரு குறியின் மூன்று பைற்றுகளுக்கு நடுவே வெட்டி, கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறியைக் கொண்டு வந்து நிறுத்தும். ஆகவே அனுப்பு முன் ஜிமெயிலிலும் ஐபோனிலும் ஒருமுறை திறந்து பார்க்காமல் தமிழ்த் தலைப்பை விடக் கூடாது. நீளமும் கவனத்துக்குரியது. ண, ணை போன்ற அகன்ற எழுத்துகள் இடத்தை விழுங்குவதால், கைத்தொலைபேசித் திரையில் ஆங்கிலத்தைவிடத் தமிழ் முந்தித் துண்டாகிறது. "கூழுக்குப் பனங்கட்டி" முன்னால் வந்ததும் நாள் பின்னால் போனதும் இதனால்தான்.

இத்தனை தொல்லை இருந்தும் என் தெரிவு தமிழ் எழுத்தே. விளம்பரங்கள் குவிந்த அஞ்சற்பெட்டியில் தமிழ் வரி தனியாகத் தெரிகிறது. ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ், ழகரத்தையும் லகரத்தையும் ஒன்றாக்கி, கூழைக் குளிர்பானம் போல ஒலிக்க வைக்கிறது. தமிழ் பேசத் தெரிந்தும் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளே வீட்டிலிருந்து பொருட்களுக்குக் கட்டளை கொடுக்கிறார்கள் என்றால், அவர்களை வேறு பட்டியலாக்கி நேரடியாக ஆங்கிலத்தில் எழுதுவது மேல்.

அவசரம் காட்டும் வரிக்கும் நாளைச் சொல்லும் வரிக்கும் இடையே எனக்குத் தயக்கமே இல்லை. "இன்றிரவு 12 மணி வரை மட்டும்" என்று யாழ்ப்பாணத்திலிருந்து எழுதினால், கோடை நேரப்படி ரொறன்ரோவில் அப்போது பிற்பகல் 2.30, லண்டனில் மாலை 7.30. எவருடைய இரவு என்ற கேள்விக்கு அந்த வரியில் விடையில்லை. முடியாத சலுகையை முடிகிறது என்பதும், முன்பு பேசியிராத ஒருவருக்கு மறுமொழி போலத் தலைப்பிடுவதும் சட்டச் சிக்கலையும் தரும். ஏமாற்றும் தலைப்புகளை அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. கனடாவின் வேண்டா அஞ்சல் தடைச் சட்டம் 2014 யூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, நம் ரொறன்ரோ வாடிக்கையாளர்கள் வாழ்வதும் அங்கேதான். நாளொன்றுக்கு ஜிமெயில் முகவரிகளுக்கு 5,000க்கு மேல் அனுப்புபவர்களின் வேண்டா அஞ்சல் முறைப்பாடு 0.3 வீதத்தை எட்டக் கூடாதென்று கூகிள் 2024 பெப்ரவரியில் விதித்தது. நாம் அவ்வளவு அனுப்புவதில்லை என்றாலும், முறைப்பாடு சேரச் சேர அடுத்த மின்னஞ்சல் குப்பைக்குள் விழும் என்பது சிறிய கடைக்கும் பொருந்தும்.

பெயர் சொல்லி அழைக்கும் தலைப்பைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். நமது ஆட்களிடம் அது இலேசில் சரிவராது. வெளிநாட்டுப் படிவங்களில் குடும்பப் பெயருக்கான இடத்தில் தகப்பன் பெயரை எழுதியவர்கள் நிறையப் பேர். சிலர் அதை முதற்பெயருக்கான இடத்திலேயே இட்டிருக்கிறார்கள். மென்பொருள் அதை எடுத்து, காலமாகிவிட்ட தகப்பனை "உங்களுக்கான சலுகை" என்று அழைக்கும்போது வரும் கோபம் எந்தச் சலுகையாலும் தணியாது. பெயர் இடத்தை நாங்கள் எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் இப்போது ஒடியல்மா, புழுக்கொடியல், பனங்கட்டி என்று ஏதோ ஒரு பண்டத்தின் பெயர் வருகிறது. போன தடவை அவர் எதை வாங்கினாரோ அது.