மதுரை சமூக ஸ்டார்ட்அப்புக்கு எந்தப் பணம் பொருந்தும்?

உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து விவசாயிகளிடம் மல்லிகைப்பூ வாங்கி, விலை சரிந்த நாளிலும் அவர்கள் கையைக் கடிக்காத விலை கொடுக்கும் ஒரு கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பணம் திரட்ட மூன்று வழிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முதலில் வெஞ்சர் கேபிட்டல், அதாவது கம்பெனியில் பங்கு எடுத்துக்கொண்டு பணம் போடும் ஃபண்டுகள். வட்டி கிடையாது, அடமானம் கிடையாது, கம்பெனி நொடித்தால் வீட்டுக்கு வந்து கேட்கமாட்டார்கள். சொத்தில்லாத இளைஞர்களுக்கு இது பெரிய விஷயம். ஆனால் ஃபண்டின் ஆயுள் பெரும்பாலும் 10 வருடம். அதற்குள் பங்கை விற்று, ஃபண்டில் பணம் போட்டவர்களுக்கு லாபத்தோடு திருப்பித் தர வேண்டும். போட்ட கம்பெனிகளில் பல தேறாது என்பதால், தேறுகிற ஒன்று பல மடங்கு வளர்ந்தாக வேண்டும். மல்லித் தோட்டம் அந்த வேகத்தில் வளராது. அப்போது நெருக்கடி எங்கே வந்து விழும்? விவசாயிக்குக் கொடுக்கும் விலையில்தான். ஏழைகளுக்குச் சிறு கடன் கொடுக்கும் குறுங்கடன் துறை வெளி முதலீட்டால் படுவேகமாக வளர்ந்தபோதும் இதுபோலத்தான், நெருக்கடி கடன் வாங்கியவர்கள் மேல் விழுந்தது. வசூல் கெடுபிடி முற்றி, 2010 அக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டமே கொண்டுவந்தது.

சமூகப் பயனுக்கென்றே முதலீடு செய்யும் ஆவிஷ்கார், அக்யூமன் போன்றவை கொஞ்சம் பொறுமையானவை. இரண்டுமே 2001-ல் தொடங்கியவை. ஆனாலும் பங்கு எடுத்தவர் ஒருநாள் விற்கத்தான் வேண்டும்.

அடுத்தது அரசு விதைநிதி, அதாவது தொடக்க நிலைக்கு அரசு தரும் பணம். தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு நடத்தும் டான்சீட் திட்டத்தில் 10 லட்சம் வரை, கிராமப்புறத் தாக்கம் உள்ளவர்களுக்கும் பெண்கள் நடத்துபவற்றுக்கும் 15 லட்சம் வரை கிடைக்கும். பதிலுக்கு 3 சதவீதப் பங்குதான். ஒரு வட்டாரத்தில் சோதித்துப் பார்க்க இது போதும். குளிர்சாதன லாரிகள் வாங்கப் போதாது.

மூன்றாவது வழி, சொந்த வரவிலேயே வளர்வது. அதற்கு மதுரையிலேயே சாட்சி இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனை 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. காசு கொடுக்க முடிந்தவர்களின் கட்டணத்தில், முடியாதவர்களுக்கும் அறுவை சிகிச்சை நடக்கிறது. 1992-ல் வந்த ஆரோலேப் அறக்கட்டளையாகவே கண் லென்ஸ் தயாரித்து, அதன் விலையைப் பெருமளவு இறக்கியது. யாரிடமும் விற்றுவிட்டு வெளியேற வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. சரி, எல்லாராலும் இப்படி முடியுமா? முடியாது. முழு விலை கொடுத்து வாங்கும் கூட்டமும், தொடக்கத்தில் கைகொடுக்கும் நன்கொடையாளரும் வேண்டும்.

மல்லி கம்பெனிக்கு நான் சொல்வது இதுதான்: முதல் இரண்டு பருவம் விதைநிதியிலும் விற்பனை வரவிலும் ஓட்டுங்கள். ஓசூர், கோயம்புத்தூர் என்று விரியும்போது மட்டும் பொறுமையான ஃபண்டிடம் போங்கள். எந்த வருடம், யாரிடம் பங்கை விற்கப் போகிறார்கள் என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். அப்புறம், விவசாயிக்கான குறைந்தபட்ச விலையை உங்கள் ஒப்புதல் இல்லாமல் யாரும் மாற்றக்கூடாது என்பதைப் பங்குதாரர் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.