ஈச், எவ்ரி: எங்கே எது?

ஆங்கிலத்தின் ‘ஈச்’ (each), ‘எவ்ரி’ (every) இரண்டுக்கும் தமிழில் ‘ஒவ்வொரு’ என்றே சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட முடியாத இடங்கள் நிறைய.

இரண்டே பொருட்கள் இருந்தால் ‘ஈச்’ மட்டும்தான். இரு கைகளிலும் பை இருந்தால் ‘இன் ஈச் ஹேண்ட்’; அங்கே ‘எவ்ரி’ வராது. மூன்று, அதற்கு மேல் என்றால் இரண்டும் வரலாம், ஆனால் பார்வை மாறும். ‘ஈச்’ ஆட்களைத் தனித்தனியாகப் பார்க்கும். ‘எவ்ரி’ ஒருவரையும் விடாமல் மொத்தமாகச் சேர்க்கும். அதனால்தான் ‘ஆல்மோஸ்ட் எவ்ரி ஸ்டூடன்ட்’ சரி, ‘ஆல்மோஸ்ட் ஈச் ஸ்டூடன்ட்’ தவறு.

பலரும் தடுக்கி விழும் இடம் ‘ஆஃப்’ (of). ‘எவ்ரி ஆஃப் தி ஸ்டூடன்ட்ஸ்’ என்று ஆங்கிலத்தில் கிடையவே கிடையாது. ‘ஈச் ஆஃப் தி ஸ்டூடன்ட்ஸ்’ அல்லது ‘எவ்ரி ஒன் ஆஃப் தி ஸ்டூடன்ட்ஸ்’ என்று எழுதுங்கள். அப்புறம், பக்கத்தில் ‘ஸ்டூடன்ட்ஸ்’ என்ற பன்மை இருப்பதால் கை தானாக ‘ஹேவ்’ என்று எழுதப் போகும். விடாதீர்கள், ‘ஹேஸ்’தான் வர வேண்டும். ஆனால் ‘ஈச்’ பின்னால் நகர்ந்து ‘தி ஸ்டூடன்ட்ஸ் ஈச்’ என்றானால் ‘ஹேவ்’ சரி. அங்கே எழுவாய் ‘ஸ்டூடன்ட்ஸ்’. எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் இது.

‘ஆளுக்கு 50 ரூபாய்’ என்பதற்கு ‘ஃபிஃப்டி ருபீஸ் ஈச்’. பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் ‘எவ்ரி டென் மினிட்ஸ்’.