முழுநீள பேட்டன் பாய்க்கு எந்த டிராக்? ஹார்க்கன் பேட்காரும் டைட்ஸ் மரீன் ஸ்ட்ராங் டிராக்கும்

35 முதல் 40 அடி வரையிலான பாய்மரப் படகு, காடி வெட்டிய அலுமினிய பாய்மரம், பாயின் முன்விளிம்பைப் பிடித்துக் காடிக்குள் ஓடும் நைலான் துண்டுகளான ஸ்லக்குகள். மெயின்செயிலில் (பிரதான பாயில்) குட்டை பேட்டன்கள், அதாவது பாயை விறைப்பாக வைக்கக் குறுக்கே செருகும் சட்டங்கள், இருக்கும்வரை இந்த ஏற்பாடு போதும். முழுநீள பேட்டன் போட்டதும் தொல்லை ஆரம்பிக்கும். வளைந்து நிற்கும் பேட்டன் நிமிரப் பார்க்கும்; பாயின் பின்விளிம்பு இறுகும்போது அந்த இறுக்கம் பேட்டனை மரத்தை நோக்கித் தள்ளும். அந்தத் தள்ளுவிசை முழுவதையும் பேட்டன் முனையில் இருக்கும் ஓரிரு ஸ்லக்குகளே வாங்கிக்கொள்ள வேண்டும். அவை கோணிக்கொண்டு காடியில் கவ்வும். பாய் பாதியில் நிற்கும், ரீஃப் எடுக்க (பாயைச் சுருக்கிக் கட்ட) வேண்டிய நேரத்தில் எடுக்க முடியாது.

இதற்கு மாற்றாகப் பலரும் பார்ப்பவை இரண்டு. ஹார்க்கனின் பேட்கார், வெளியே பொருத்தும் அலுமினிய டிராக்கின் மேல் பந்து பேரிங்கில் ஓடும் கார். டைட்ஸ் மரீனின் ஸ்ட்ராங் டிராக், காடிக்குள்ளேயே செருகும் ஒரே நீள வழுவழுப்பான பாலிஎத்திலீன் பட்டை. அதற்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்லைடுகள் ஓடும்.

பந்து பேரிங்கின் அருமை சுமை ஏறும்போதுதான் தெரியும். பாயில் காற்று நிறைந்திருந்தாலும் கார் நகரும், ஹாலியார்டை (பாயை ஏற்றும் கயிற்றை) விட்டால் இறங்கும். பின்விளிம்பு அகலமாக வெளியே பிதுங்கிய பாய், கனமான துணி, இரட்டை உடல் படகான கேட்டமரான் என்றால் யோசிக்காமல் இதையே வாங்கலாம். ஆனால் பொருத்துவது சின்ன வேலை இல்லை. மரத்தில் துளை போடாமல் இருக்க, காடிக்குள் மரை வெட்டிய துண்டு (இதையும் ஸ்லக் என்பார்கள்) விட்டு அதில் டிராக்கைத் திருகும் வகை உண்டு. அந்த ஸ்லக் காடியின் அளவுக்குச் சரியாக அமைய வேண்டும். காடியின் வாய் அகலம், உள் அகலம், ஆழம் மூன்றையும் வெர்னியரில் அளந்து அனுப்பாமல் ஆர்டர் போடாதீர்கள். டிராக் துண்டுகள் சேருமிடத்தில் அரை மில்லிமீட்டர் படி இருந்தாலும் கார் அங்கே தட்டும். திருகுகளை இறுக்க ஒருவர் மரமேறியே ஆக வேண்டும்.

துளை போட்டே பொருத்துவதானால் எம்5 திருகுக்கு 4.2 மி.மீ., எம்6 திருகுக்கு 5 மி.மீ. துளை, பிறகு மரை வெட்டு. அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் திருகை வெறுமனே இறக்கக் கூடாது. டூராலாக் அல்லது டெஃப்ஜெல் என்னும் அரிப்புத் தடுப்புப் பசை தடவாவிட்டால் உப்புநீர் இரண்டு உலோகத்துக்கும் நடுவே புகுந்து வெள்ளைப் பொடியாக அரிக்கும்; சில வருஷம் கழித்துத் திருகு கழலாது, தலைதான் முறியும்.

ஸ்ட்ராங் டிராக்கில் இந்தத் தலைவலி குறைவு. காடியைக் கழுவி, பழைய கேட்டின் (ஸ்லக்குகளைக் காடிக்குள் விடும் வாயிலின்) ரிவெட் முனைகளையும் நசுங்கல்களையும் அரத்தால் சமன்செய்து, சுருளாக வரும் பட்டையைக் கீழிருந்து மேலே தள்ளினால் வேலை முக்கால்வாசி முடிந்தது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பாலிஎத்திலீன் வெயிலில் அலுமினியத்தைவிடப் பல மடங்கு நீளும். 12 மீட்டர் பட்டை, 30 டிகிரி வேறுபாடு என்றால் சுமார் 5 செ.மீ. அதே இடத்தில் அலுமினியம் நீள்வது 8 மி.மீ. ஆகவே ஒரு முனையை மட்டும் பிணைத்து மறுமுனைக்கு இடம் விட வேண்டும். இரண்டையும் இறுக்கினால் பட்டை நெளியும், ஸ்லைடு நிற்கும்.

பாய் இறக்கிய பின் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேரும் கார்களின் அடுக்கு எவ்வளவு உயரம் நிற்கும் என்பதைப் பலர் கணக்கிடுவதே இல்லை. நான்கு பேட்டன் கார், பேட்டன்களுக்கு இடையே ஐந்து இடைக் கார், ஒவ்வொன்றும் 100 மி.மீ., பாயின் தலையைப் பிடிக்கும் ஹெட்போர்டு கார் 200 என்று வைத்துக்கொண்டால் 1.1 மீட்டர். பூமுக்கு (பாயின் அடியைத் தாங்கும் கிடைச்சட்டத்துக்கு) மேலே அந்த உயரத்தில் பாயின் தலையை எட்டிப் பிடித்து ஹாலியார்டைக் கழற்ற முடியுமா? ரீஃப் வளையம் கொக்கிக்கு எட்டுமா? எட்டாவிட்டால் வளையத்தின் இருபுறமும் பட்டைநாடாவில் தைத்த தொங்கு வளையங்கள் போட வேண்டும். ஸ்ட்ராங் டிராக் கேட்டைத் தாண்டிக் கீழே இறங்குவதால் அடுக்கு தாழ்வாக உட்காரும். இந்த ஒரு காரணத்துக்கே சின்னப் படகுக்கு அதைச் சொல்வேன்.

வெளி டிராக் வைத்தால் பாயின் முன்விளிம்பு மரத்தைவிட்டுச் சில சென்டிமீட்டர் பின்னால் போகும். பாய் தைப்பவரிடம் இதைச் சொல்லாவிட்டால் அடிமூலையில் துணி கோணலாக இழுபடும்.

காரைவிட முக்கியமானது பேட்டன் முனையைப் பிடிக்கும் பெட்டி. இதைக் கடைசியில், மிச்சக் காசில் வாங்குவது வழக்கமாகிவிட்டது. ஸ்வீடனின் ருட்கர்சன் போன்றவர்களின் பெட்டியில் துணியை இரு பாதியாகக் கவ்வும் அமைப்பும், இறுக்கத்தைச் சரிசெய்யும் திருகும் உண்டு. பேட்டன் தட்டையா உருளையா என்று பார்த்து அதற்குரியதை வாங்க வேண்டும். பெட்டியையும் காரையும் இணைக்கும் தண்டு இந்த அளவுப் படகில் பெரும்பாலும் எம்10. இரண்டையும் வேறு வேறு கம்பெனியில் வாங்கினால் மரை ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். இணைப்பு மேலும் கீழும் மட்டுமல்லாமல் பக்கவாட்டிலும் திரும்ப வேண்டும். பாய் மடியும்போது பெட்டி பக்கவாட்டில் சாயும். திரும்ப இடமில்லாவிட்டால் அந்த வளைவு தண்டின் மேல் விழும். தண்டு நட்டை ஒட்டிய மரைப் பள்ளத்தில்தான் முதலில் விரிசல் விடும். அங்கே மெல்லிய துருக்கோடு தெரிந்தால் உடனே மாற்றிவிட வேண்டியதுதான்.

வெட்டிய பேட்டன் முனையை அரம் போட்டு எப்பாக்சி பூசுங்கள், இல்லாவிட்டால் நார் பிரிந்து பெட்டிக்குள் பிளக்கும். இறுக்கம், பேட்டன் பையில் குறுக்குச் சுருக்கங்கள் மறையும் வரை மட்டும். அதற்கு மேல் திருகினால் தள்ளுவிசை கூடி, காசு கொட்டி வாங்கிய காரும் திணறும்.

பந்து பேரிங்குக்குக் கிரீஸ் வேண்டாம். உப்பையும் மணலையும் பிடித்துவைக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, பேரிங்குக்கென்றே வரும் திரவத்தில் ஒரு சொட்டு விட்டால் போதும். கழுவும்போதே பந்துகள் எல்லாம் சீராகச் சுழல்கின்றனவா என்று விரலால் தள்ளிப் பார்த்துவிடலாம்.