பெட்டியில் 1940, பாட்டிலில் வேறு நிறம்: ஒரு ஸ்பிட்ஃபயர் பெயின்ட் செட்

இரண்டாம் உலகப் போரில், 1940 கோடையில் இங்கிலாந்து வானில் பறந்த ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் என்ற பிரிட்டிஷ் போர் விமானங்களின் மாடல்களுக்காகவே வரும் அக்ரிலிக் பெயின்ட் செட் ஒன்றை வாங்கி, 1/48 (நிஜத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவு) ஸ்பிட்ஃபயர் மார்க் 1 மாடல் ஒன்றுக்கு அடித்துப் பார்த்தேன். கம்பெனி பேரைப் போடப் போவதில்லை, ஏனென்றால் 'வரலாற்றுப்படி துல்லியமான நிறங்கள்' என்று பெட்டியில் அச்சடித்து விற்கிற நிறையப் பேருக்கு இது பொருந்தும். உள்ளே நாலு பாட்டில்: டார்க் எர்த், டார்க் கிரீன், ஸ்கை, அப்புறம் காக்பிட்டுக்கு உள்ளே அடிக்கிற கிரே-கிரீன். கூடவே ஒரு மடிப்புத் தாளும் உண்டு.

பெயின்டாக மட்டும் பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஏர்பிரஷில் அடைக்கவில்லை, அவர்களுடைய தின்னர் இரண்டு சொட்டு விட்டால் போதும், மெல்லிசாகப் படிகிறது, நல்ல மேட்டாகக் காய்கிறது. மாஸ்கிங் டேப்பை உரிக்கும்போது கூடவே பெயர்ந்து வரவும் இல்லை. டார்க் எர்த் அருமை, செங்கல் சிவப்பும் இல்லாமல் சாக்லேட்டும் இல்லாமல் மண் நிறம் அப்படியே இருக்கிறது. டார்க் கிரீன் 1/48-க்குக் கொஞ்சம் கனமாகத் தெரிந்தது. உண்மையான விமானத்தின் நிறத்தை அப்படியே சின்ன மாடலில் அடித்தால் இருட்டாகத்தான் தெரியும் என்பதால் பலர் துளி வெளிர்சாம்பல் கலப்பார்கள், அது அவரவர் ருசி, செட்டின் மேல் பழி போட முடியாது.

ஸ்கையில்தான் வயிறு எரிகிறது. பாட்டிலிலிருந்து வருவது குழந்தைகள் அறைச் சுவருக்கு அடிக்கிற இளநீலம். ஆர்.ஏ.எஃப் என்ற பிரிட்டிஷ் விமானப்படையின் ஸ்கை நீலமே கிடையாது, வெளிறிய பச்சையில் மஞ்சளும் சாம்பலும் கலந்த ஒரு நிறம். சிட்னி காட்டன் என்ற ஆஸ்திரேலிய விமானி போரின் தொடக்கத்தில் உளவுப் படம் எடுக்கிற விமானங்களுக்கு 'கேமோடின்ட்' என்று வெளிர்பச்சை ஒன்றை அடித்தார், ஸ்கையின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஜூன் 1940 வரை போர் விமானங்களின் அடிப்பக்கம் பாதி கருப்பு, பாதி வெள்ளை. அந்த மாதம்தான் எல்லாவற்றையும் ஸ்கைக்கு மாற்று என்று உத்தரவு வந்தது, ஆனால் உத்தரவு வந்த வேகத்தில் பெயின்ட் வரவில்லை. கையில் கிடைத்ததைக் கலந்து அடித்தார்கள், அதனால் அந்தக் கோடையில் வெளிர்நீலம், வெளிர்பச்சை என்று விமானங்களின் அடிவயிறுகள் ஸ்குவாட்ரனுக்கு (படைப்பிரிவுக்கு) ஒரு நிறமாக இருந்தன.

ஆக இந்த இளநீலத்துக்கும் 1940-ல் ஒரு இடம் இருக்கிறது! அதை 'தட்டுப்பாட்டுக் காலத்து மாற்று நீலம்' என்று தனி பாட்டிலாக விற்றிருந்தால் நானே கைதட்டி வாங்கியிருப்பேன். லேபிளில் ஸ்கை என்று போட்டுவிட்டு உள்ளே நீலத்தை ஊற்றினால், புதிதாக இந்தப் பொழுதுபோக்குக்கு வருகிற பையன் அதைத்தான் ஸ்கை என்று நம்புவான், அடுத்து 1942 விமானம் ஒன்றின் வால் பட்டைக்கும் அதையே அடிப்பான்.

மடிப்புத் தாள் அதைவிட மோசம். ஒவ்வொரு நிறத்துக்கும் பக்கத்தில் ஆதாரம் மாதிரி எஃப்எஸ் 595 எண் போட்டிருக்கிறார்கள். அது அமெரிக்க அரசு வெளியிட்ட நிற அட்டை, வந்ததே 1956-ல். 1940-இன் பிரிட்டிஷ் நிறத்துக்கு அது கிட்டத்தட்ட ஒரு ஜோடியைக் காட்டலாம், அவ்வளவுதான். எண் போட வேண்டுமென்றால் பிரிட்டிஷ் தரமான பிஎஸ் 381சி இருக்கிறதே, அதில் 210 இன்றைக்கும் ஸ்கைதான், 450 டார்க் எர்த், 641 டார்க் கிரீன். கம்ப்யூட்டர் திரையில் பார்ப்பதோடு நிற்காமல் இந்த அட்டைத் துண்டுகளைப் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள், டியூப்லைட்டின் கீழே ஒன்றாகத் தெரிகிற இரண்டு பச்சை வாசலுக்குக் கொண்டுபோனால் வேறு வேறாகிவிடும்.

அதே தாளில் 'ஆகஸ்ட் 1940' என்று தலைப்புப் போட்ட ஸ்பிட்ஃபயர் படத்தில் வாலுக்கு முன்னால் ஸ்கை பட்டையும், மூக்கில் ஸ்கை ஸ்பின்னரும் (புரொப்பெல்லர் நடுவில் இருக்கிற கூம்பு) இருக்கின்றன. இவை இரண்டும் நவம்பர் 1940 கடைசியில் வந்தவை. அப்போதே இடது இறக்கையின் அடிப்பக்கத்துக்குக் கருப்பும் திரும்பி வந்து 1941 வசந்தம் வரை இருந்தது, அந்தக் கருப்பு செட்டிலும் இல்லை, தாளிலும் இல்லை. இன்னொரு மூலையில் இப்போது ஏர்ஷோவில் பறக்கிற, புதுப்பித்த விமானத்தின் கலர் போட்டோவை ஆதாரமாகப் போட்டிருக்கிறார்கள். அது எத்தனையாவது கோட்டிங்கோ! மியூசியத்தில் நிற்கிற விமானங்களிலும் பலவற்றைத் திரும்பத் திரும்ப பெயின்ட் அடித்திருப்பார்கள், வெளியே தெரிகிற நிறத்தைவிட பேனலுக்குப் பின்னால் வெயில் படாமல் ஒளிந்திருக்கிற துண்டுதான் சாட்சி சொல்லும், அதுவும் எண்பது வருஷத்தில் கொஞ்சம் மஞ்சளித்துப்போன சாட்சி.

கருப்பு வெள்ளைப் படங்களை நம்பலாமா என்றால், படச்சுருள் எது என்று தெரியாமல் கூடாது. ஆர்த்தோகுரோமேட்டிக் சுருளில் நீலம் வெளிறிப்போகும், சிவப்பும் மஞ்சளும் கருத்துப்போகும், ரவுண்டல் என்ற வட்ட அடையாளத்தின் மஞ்சள் வளையம் கிட்டத்தட்ட கருப்பாகவே நிற்கும். நிறம் என்ன என்பதற்கு இந்தப் படங்கள் உதவாது, எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது, பச்சையும் பழுப்பும் கலந்த மேல்பக்கத் திட்டு ஏ வடிவமா அல்லது கண்ணாடியில் பார்த்த மாதிரி அதைத் திருப்பிப் போட்ட பி வடிவமா என்பதற்கு நன்றாகவே உதவும். மடிப்புத் தாளில் ஒரு வடிவம் மட்டும்தான் இருக்கிறது என்பதால் நீங்கள் செய்கிற விமானத்தின் படத்தைத் தேடித்தான் ஆக வேண்டும்.

வாங்கலாமா? டார்க் எர்த் தனி பாட்டிலாகக் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். காக்பிட் பச்சை பரவாயில்லை, மூடி ஒட்டிய பிறகு யார் பார்க்கப் போகிறார்கள். ஸ்கைக்கு ஹம்ப்ரோல் எனாமல் 90 இன்னும் எனக்குப் பிடிக்கிறது, ஆனால் எனாமல் தீப்பிடிக்கிற சரக்கு என்பதால் கூரியரில் வரவழைப்பது தலைவலி, உள்ளூர்க் கடையில் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். ஆகஸ்ட் 1941-க்குப் பிறகு இங்கிலாந்திலிருந்து பறந்த பகல்நேர ஸ்பிட்ஃபயர் செய்கிறவர்களுக்கு இந்த செட்டே தேவையில்லை, அதற்குப் பிறகு மேலே டார்க் கிரீனும் ஓஷன் கிரேயும், அடியில் மீடியம் சீ கிரே. டாமியா கம்பெனி பெயின்டில் எக்ஸ்எஃப்-81, 82, 83 என்று இந்த மூன்றும் வரிசையாகவே இருக்கின்றன. ஓஷன் கிரே மட்டும் கடையில் தீர்ந்துவிட்டால் 1941-ல் ஆர்.ஏ.எஃப் செய்ததையே செய்யலாம்: மீடியம் சீ கிரே ஏழு பங்கு, கருப்பு ஒரு பங்கு. இந்தக் கலவையை பிளாஸ்டிக் ஸ்பூன் ஒன்றில் அடித்துக் காயவைத்துப் பாருங்கள், ஓஷன் கிரேயில் இருக்கிற நீலச்சாயல் இதில் குறைவாக இருக்கும்.