‘ரெண்டு அப்டேட் உண்டு சார்’ என்ற பேச்சை நம்பி 24,999 ரூபாய் போச்சு: தீபாவளிக்கு ஃபோன் வாங்குகிறவர்கள் படியுங்கள்

நேற்று சாயங்காலம் கடையில் சண்டை போட்டுவிட்டு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் எழுத உட்கார்ந்தேன். பாதியில் தலைவலி வந்து படுத்துவிட்டேன். இப்போது காலையில் மீதியை எழுதுகிறேன். இந்த 2025 தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது, கடைகளில் கூட்டம் ஆரம்பித்துவிட்டது. அதற்குள் நாலு பேராவது படிக்கட்டும். வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் திருச்சியில் ஒரு மருந்து மொத்த வியாபாரக் கம்பெனியில் ஆர்டர் எடுக்கும் வேலை பார்க்கிறேன். 2023 ஆயுத பூஜைக்கு முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமை, போனஸ் பணத்தோடு கொஞ்சம் சீட்டுப் பணத்தையும் சேர்த்து ஃபோன் வாங்கப் போனோம். பல ஊர்களில் கிளை வைத்திருக்கிற பெரிய மொபைல் கடை. பெயர் சொல்லப்போவதில்லை. ஃபோன் கம்பெனி பெயரும் வேண்டாம். டிவியில் கிரிக்கெட் ஓடும்போதெல்லாம் விளம்பரம் வரும் கம்பெனிகளில் ஒன்று, அவ்வளவுதான்.

அந்தத் தருணத்தை நான் மறக்கவே மாட்டேன். எனக்குக் கேமரா, சார்ஜர் வாட்ஸ் பற்றியெல்லாம் ஒரு கேள்வியும் இல்லை. என் மனைவிதான் கேட்டாள்: “தம்பி, இவரோட பழைய ஃபோனுக்கு வாங்கினதுலேர்ந்து ஒரு அப்டேட்டும் வரல. இதுக்காவது வருமா?”

அந்தப் பையன், இருபத்து மூன்று இருபத்து நாலு வயசு இருக்கும், சிரித்துக்கொண்டே தன் பேண்ட் பாக்கெட்டிலிருந்து ஃபோனை எடுத்தான். அதே மாடல். “அக்கா, நானே இதைத்தான் வச்சிருக்கேன். ரெண்டு ஆண்ட்ராய்டு அப்டேட், மூணு வருஷம் செக்யூரிட்டி அப்டேட். கம்பெனியே சொல்லியிருக்கு. மூணு வருஷத்துக்கு நீங்க கவலையே பட வேணாம்.”

அவன் பாக்கெட்டில் அதே ஃபோன் இருந்தது. நான் நம்பியது அதைப் பார்த்துத்தான். விற்கிறவனே வைத்திருக்கும்போது அதற்கு மேல் என்ன கேட்பது? 24,999 ரூபாய். கார்டில் கொஞ்சம், ரொக்கமாகக் கொஞ்சம். வீட்டுக்கு வந்து மறுநாள் பூஜையில் கணக்கு நோட்டுப் பக்கத்தில் வைத்துச் சந்தனப் பொட்டு வைத்தோம்.

வாங்கும்போது அதில் இருந்தது ஆண்ட்ராய்டு 13, அதாவது ஃபோனை ஓட்டுகிற கூகுள் மென்பொருளின் 13-ஆம் பதிப்பு. ஆண்ட்ராய்டு 14-ஐக் கூகுள் அக்டோபர் 4-ஆம் தேதியே வெளியிட்டாகிவிட்டது, அதாவது நான் வாங்குவதற்குப் பதினெட்டு நாளுக்கு முன்பே. “ஒரு மாசத்துல வந்துரும் சார்” என்றான் பையன். வந்தது 2024 ஜூனில். எட்டு மாசம். சரி, தாமதமானாலும் வந்ததே என்று இருந்துவிட்டேன். அதே வருஷம் அக்டோபரில் ஆண்ட்ராய்டு 15 வந்தது. என் ஃபோனுக்கு வரவில்லை. பொங்கல் போனது, சித்திரை போனது, 2025 ஜூன் 10 அன்று ஆண்ட்ராய்டு 16-ஏ வந்துவிட்டது. என் ஃபோன் இன்னும் 14-லேயே நிற்கிறது. திருடர்கள் நுழையக்கூடிய ஓட்டைகளை அடைக்கிற செக்யூரிட்டி அப்டேட் ஆரம்பத்தில் மாசாமாசம் வந்தது, அப்புறம் ரெண்டு மாசத்துக்கு ஒன்று, அப்புறம் மூணு மாசத்துக்கு ஒன்று. 2025 மார்ச்சோடு அதுவும் நின்றுவிட்டது.

இந்த ரெண்டு வருஷத்தில் அதே கம்பெனி அதே வரிசையில் எத்தனை ஃபோன் விட்டது தெரியுமா? நாலு. பெயருக்குப் பின்னால் ஒரு எண் கூட்டி ஒன்று, ‘ப்ரோ’ சேர்த்து ஒன்று, மறுபடி எண் கூட்டி ஒன்று, அதற்கும் ஒரு ப்ரோ. ஆறு மாசத்துக்கு ஒரு மாடல். கடைசி இரண்டும் பெட்டியைத் திறக்கும்போதே ஆண்ட்ராய்டு 15. அதே கம்பெனி, அதே ஆட்கள். புதுசுக்குச் செய்யத் தெரிந்த வேலையை என் ஃபோனுக்குச் செய்ய மட்டும் நேரம் இல்லையா?

ஏன் தாமதம் என்று நான் தேடிப் படித்தேன். கூகுள் ஆண்ட்ராய்டின் மூலக்குறியீட்டை, அதாவது அந்த மென்பொருள் எழுதப்பட்ட நிரலை, வெளியிடும். சிப் தயாரிக்கும் கம்பெனி அந்தச் சிப்பை ஆண்ட்ராய்டோடு இணைக்கிற ‘டிரைவர்’ மென்பொருளைத் தயார்செய்து தர வேண்டும். பிறகு ஃபோன் கம்பெனி தன்னுடைய மேல்தோற்றத்தையும் ஆப்களையும் அதன்மேல் ஏற்றிச் சோதித்துவிட்டு அனுப்பும். இதில் வேலை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இந்த வேலையைக் குறைக்கத்தானே 2017-இல் ஆண்ட்ராய்டு 8 வந்தபோது பிராஜெக்ட் ட்ரெபிள் என்று ஒன்றைக் கூகுள் கொண்டுவந்தது? சிப் சார்ந்த பகுதியையும் ஆண்ட்ராய்டையும் தனித்தனியாகப் பிரித்துவைத்தார்கள், ஒன்றைத் தொடாமல் மற்றதை மாற்றலாம் என்று. அது வந்து எட்டு வருஷம் ஆகிறது. மனசிருந்தால் முடியும் என்பதற்குச் சாட்சியும் இருக்கிறது. 2023 அக்டோபரில் கூகுள் பிக்சல் 8-க்கும், 2024 ஜனவரியில் சாம்சங் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு வருஷ அப்டேட் என்று அறிவித்தார்கள். அதெல்லாம் என் சம்பளத்துக்கு எட்டாத ஃபோன். 24,999 கொடுக்கிறவன் ஏழு வருஷம் கேட்கவில்லை. சொன்ன ரெண்டையும் நேரத்துக்குக் கொடு என்றுதான் கேட்கிறான்.

இப்போது போன செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். துறையூரில் ஒரு மெடிக்கல் கடை. கடைக்காரர் கல்லாவில் நின்றபடி ஸ்டாக் நோட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போகிறார், “பாரசிட்டமால் 650 பத்து பாக்ஸ், ஓஆர்எஸ் ரெண்டு பாக்ஸ்...” நான் கம்பெனி ஆப்பைத் திறக்கிறேன். திறக்கவில்லை. சிவப்புக் கட்டம். இந்த ஃபோனின் பாதுகாப்பு அப்டேட் பழையது, அனுமதி இல்லை என்கிறது. ஆஃபீஸ் ஐ.டி. பையனுக்கு அடித்தேன். “அண்ணே, உங்க ஃபோன்ல பேட்ச் தேதி, அதான் கடைசி செக்யூரிட்டி அப்டேட் தேதி, மார்ச்னு காட்டுது. நம்ம பாலிசி ஆறு மாசம்தான். அதுக்கு மேல பழசா இருந்தா சர்வரே உள்ள விடாது. நான் ஒண்ணும் பண்ண முடியாதுண்ணே.” கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கடைசியில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு அந்த லைனில் பதினோரு கடை. எல்லாம் துண்டுச் சீட்டுதான்.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன். ‘சிஸ்டம் அப்டேட்’ அமுக்கினால் ஒரு வட்டம் சுற்றுகிறது, பெரிய பச்சை டிக் வருகிறது, ‘உங்கள் ஃபோன் சமீபத்திய பதிப்பில் உள்ளது’ என்கிறது. இன்னும் ரெண்டு இடம் உள்ளே போனால் பொடி எழுத்தில் ‘பாதுகாப்பு அப்டேட்: 1 மார்ச் 2025’. இந்த டிக்கைப் பார்த்துத்தான் நான் இத்தனை மாசம் நிம்மதியாக இருந்தேன். அந்த டிக்குக்கு அர்த்தம் என்ன என்று இப்போதுதான் புரிகிறது. ஃபோன் தன் கம்பெனியின் சர்வரை மட்டும் கேட்கிறது, ‘எனக்கு ஏதாவது இருக்கிறதா?’ என்று. கம்பெனி ஒன்றும் தயார் செய்யவில்லை என்றால் ‘இல்லை’ என்று பதில் வரும். உடனே பச்சை டிக். உலகத்தில் ஆண்ட்ராய்டு எங்கே போய்விட்டது என்பதற்கும் அந்த டிக்குக்கும் சம்பந்தமே இல்லை.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 2015 ஆகஸ்டிலிருந்து கூகுள் மாசாமாசம் ஆண்ட்ராய்டில் கண்டுபிடித்த ஓட்டைகளைப் பட்டியலாக வெளிப்படையாகப் போடுகிறது. நல்லதுதான். ஆனால் அந்தப் பட்டியலைத் திருடனும் படிப்பான். அப்டேட் வந்த ஃபோனில் ஓட்டை அடைபடும். வராத ஃபோனில் எந்தச் சுவரில் எங்கே ஓட்டை என்று ஊருக்கே தெரிந்திருக்கும். அந்த ஃபோனில்தான் நாம் ஜிபே வைத்திருக்கிறோம், பேங்க் ஓடிபி வாங்குகிறோம்.

புதன்கிழமை அரைநாள் லீவு போட்டுச் சர்வீஸ் சென்டர் போனேன். டோக்கன் எடுத்து ஒன்றேகால் மணி நேரம். எனக்கு முன்னால் ஒரு அம்மா, மணப்பாறையிலிருந்து வந்தவர். அவர் ஃபோன் திரையில் மேலிருந்து கீழ் வரை ஒரு பச்சைக் கோடு. “அப்டேட் போடுன்னு கேட்டுச்சு, போட்டேன், மறுநாள் காலைல இப்படி ஆயிடுச்சு தம்பி” என்று என்னிடம் சொன்னார். கவுண்டரில் அவருக்குக் கிடைத்த பதில்: வாரண்டி முடிந்துவிட்டது, டிஸ்ப்ளே மாற்ற வேண்டும், காசு. அப்டேட் வந்தவருக்கு அந்த கதி, வராத எனக்கு இந்த கதி.

என் முறை வந்தது. அந்தப் பெண் ஃபோனை வாங்கிப் பார்த்து, “சார், ஃபோன்ல ஃபால்ட் எதுவும் இல்லையே, ஏன் கொண்டு வந்தீங்க?” என்றார். அப்டேட் வரவில்லை என்றேன். “அது எல்லாருக்கும் ஒரே நாள்ல வராது, கொஞ்சம் கொஞ்சம் பேருக்கா வரும் சார். உங்களுக்கும் வரும்.” எப்போது? “அது எங்களுக்குத் தெரியாது சார், ஹெட் ஆஃபீஸ்தான்.” ஹெட் ஆஃபீஸ் நம்பர்? கஸ்டமர் கேர் நம்பரைக் கொடுத்தார்.

கஸ்டமர் கேரில் நாலு தடவை பேசினேன். முதல் ஆள் ரீஸ்டார்ட் பண்ணச் சொன்னார். இரண்டாவது ஆள் ஃபோன் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கிற தகவலை அழிக்கச் சொன்னார், ‘கேஷ் கிளியர்’ என்பார்கள். மூன்றாவது ஆள் ஃபேக்டரி ரீசெட், அதாவது எல்லாவற்றையும் அழித்துப் புது ஃபோன் போல ஆக்குவது, பண்ணினால் வந்துவிடும் என்று உறுதியாகச் சொன்னார். பண்ணினேன். வரவில்லை. ஆனால் இரண்டு வருஷமாக நான் ஃபோன் நோட்ஸில் எழுதி வைத்திருந்த கடைக்காரர்கள் பாக்கிக் குறிப்பு எல்லாம் போனது. பேக்கப்பில் அது இல்லை. நாலாவது ஆளிடம் இதைச் சொன்னால், “சிரமத்துக்கு வருந்துகிறோம் சார், வேறு ஏதாவது உதவி வேண்டுமா?” என்கிறார். இந்த உதவிக்கே என் ரெண்டு வருஷக் கணக்கு போய்விட்டது.

மெயில் போட்டேன். பதில் வந்தது. அப்டேட் என்பது ‘பகுதி மற்றும் தொழில்நுட்பச் சாத்தியத்துக்கு உட்பட்டது’ என்று ஒரு வரி. அதோடு இன்னொரு வரி, அதைப் படித்தபோதுதான் எனக்கு ரத்தம் கொதித்தது: மூன்று வருஷக் கணக்கு நான் வாங்கிய நாளிலிருந்து இல்லையாம், அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்தாம். அது வந்தது 2023 பிப்ரவரி. நான் வாங்கியது அக்டோபர். காசு கொடுத்துக் கையில் வாங்கும்போதே எட்டு மாசம் செலவாகியிருக்கிறது. இதைக் கடையில் யார் சொன்னார்கள்? ‘மூணு வருஷம் கவலையே பட வேணாம்’ என்றுதானே சொன்னான்.

அவர்கள் வாக்கை நன்றாகப் பாருங்கள். ‘ரெண்டு அப்டேட்.’ எண்ணிக்கை இருக்கிறது, தேதி இல்லை. ஆண்ட்ராய்டு 15-ஐ 17 வந்த பிறகு கொடுத்தாலும் ‘ரெண்டு கொடுத்துவிட்டோம்’ என்று சொல்லிவிடலாம். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு பாயசம் கொண்டுவந்து வைத்துவிட்டு, ‘போட்டோமே’ என்று சொல்வது போல. ஐரோப்பாவில் இந்த 2025 ஜூன் 20-லிருந்து விதி வந்துவிட்டது. ஒரு மாடல் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து வருஷம் அப்டேட் தர வேண்டும். பாதுகாப்பு அப்டேட் என்றால் நாலு மாசத்துக்குள், வசதிகளுக்கான அப்டேட் என்றால் ஆறு மாசத்துக்குள். அங்கே எண்ணிக்கையோடு தேதியையும் எழுதி வாங்கியிருக்கிறார்கள். அதே கம்பெனி ஃபோனை அங்கே வாங்குகிறவனுக்கு ஒரு நியாயம், துறையூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஒரு நியாயமா?

நேற்றுக் கடைக்குப் போனேன். அந்தப் பையன் இப்போது அங்கே இல்லை. மேனேஜரிடம் பில்லைக் காட்டினேன். “சார், நாங்க விக்கறதோட சரி. அப்டேட்டெல்லாம் கம்பெனி விஷயம்.” உங்கள் கடையில்தானே சொன்னான் என்றேன். “வாய்ல சொன்னதுக்கெல்லாம் நாங்க பொறுப்பு ஏத்துக்க முடியாது சார்.” அடுத்த மூச்சில் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு ஃபோனை எடுத்து என் முன்னால் வைக்கிறார். “இதைப் பாருங்க, அதே சீரிஸ்ல புதுசு, ஆண்ட்ராய்டு 15-ஓடவே வருது. உங்க பழசை எக்ஸ்சேஞ்ச்ல எடுத்துக்கறோம். 4,200 போடலாம்.” 24,999 கொடுத்து வாங்கிய ஃபோன், கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை, பேட்டரி நாள் முழுக்க நிற்கிறது, 4,200. “இதுக்கு எத்தனை அப்டேட்?” என்று கேட்டேன். “ரெண்டு சார்” என்றார். அதே குரல், அதே சிரிப்பு. நான் சத்தம் போட்டதில் கடையே திரும்பிப் பார்த்தது. பரவாயில்லை, பார்க்கட்டும்.

நாளைக்கு வேலைக்குப் போக ஃபோன் வேண்டும். மச்சானின் பழைய ஃபோனைக் கடன் வாங்கியிருக்கிறேன். அது என்னுடையதைவிட ஒரு வருஷம் பழசு, வேறு கம்பெனி, அதில் பாதுகாப்புத் தேதி செப்டம்பர் 2025.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன் என்றேன். விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. தெரிந்ததைச் சொல்கிறேன். வாங்கும் முன் அந்த மாடல் எந்த மாசம் சந்தைக்கு வந்தது என்று பாருங்கள், அங்கிருந்துதான் வருஷம் எண்ணுகிறார்கள். ஆஃபரில் விலை குறைந்த மாடல் பெரும்பாலும் பாதி ஆயுசு தீர்ந்ததுதான். அதே கம்பெனியின் போன வருஷ ஃபோன் தெரிந்தவர் யாரிடமாவது இருந்தால் வாங்கி அதில் பாதுகாப்புத் தேதியைப் பாருங்கள், விளம்பரத்தைவிட அது உண்மை பேசும். கடைக்காரர் சொல்வதைப் பில்லின் பின்னால் எழுதிச் சீல் வைத்துத் தரச் சொல்லுங்கள், மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். கஸ்டமர் கேர் சொன்னார்கள் என்று ஃபேக்டரி ரீசெட் மட்டும் பண்ணிவிடாதீர்கள். பச்சை டிக்கை நம்பாதீர்கள், தேதியைப் பாருங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நான் நேற்று ராத்திரியே புகார் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் உள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது. 24,999-க்கு அங்கேயும் போவேன். பில் பத்திரமாக இருக்கிறது, அந்தக் கம்பெனி மெயிலையும் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன்.

எந்த ஃபோன் வாங்கலாம் என்று தயவுசெய்து என்னிடம் கேட்காதீர்கள்.